ஊதா ஆக மறுத்த வாளி

1

மனித குலத்தின் வரலாறு என்பது, ஆழ்ந்து நோக்கினால், பிரிந்து நின்ற நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்து மேலான ஒரு நிறமாக உயரும் வரலாறே ஆகும்.

இந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. அச்சடித்தேன், அவ்வளவுதான். எழுதியவர் ட்வைட் ஆம்ஸ்டட், ஹார்மன்-டில்பி ஒருங்கிணைந்த பள்ளிகளின் கண்காணிப்பாளர். மூன்றாக மடிக்கும் துண்டறிக்கை, வழவழப்பான தாள், இரண்டு பக்கமும் வண்ணம். 'மேலான' என்ற சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன்.

எழுதுகிறவர்கள் தங்கள் கதை கனவில் வந்தது, மழையில் வந்தது, யாரோ கடந்து போன வாசனையில் வந்தது என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு இது ஆர்டராக வந்தது. துண்டறிக்கை, பள்ளியின் உள்விளையாட்டுக் கூடமான ஜிம்மில் தொங்கவிட ஒரு பேனர், கையில் ஆட்டுவதற்குக் காகிதக் கொடிகள். பேனரில் இடது பக்கம் ஒரு சிவப்பு வட்டம், வலது பக்கம் ஒரு நீல வட்டம், இரண்டும் மேவுகிற நடுவில் ஊதா. அதன் கீழே ட்வைட்டின் வாசகம்: 'சிவப்பு + நீலம் = நாம்'.

அச்சில் அருமையாக வந்தது. எல்லா வினையும் அதனால்தான்.

2

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தொடக்கம் எழுதினேன். மூன்றையும் இங்கேயே போட்டுவிடுகிறேன். குப்பைத் தொட்டியில் போட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் தொடக்கம்: 'அயோவாவின் சோளக்கொல்லைகளின் மேல் ஆகஸ்ட் மாத வெயில் பொன்னாக உருகி...' [நிறுத்து. சோளத்தைப் பார்த்தால் இந்த ஊரில் யாருக்கும் ஒன்றும் உருகுவதில்லை. விலை என்ன என்று கேட்பார்கள்.]

இரண்டாம் தொடக்கம்: 'லெனோர் ஹவ்லிசெக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது.' [நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை சீட்டாட்டத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து பாருங்கள்.]

மூன்றாம் தொடக்கம்: 'ஒரு வாளி இருந்தது. அந்த வாளிக்குள் இரண்டு ஊர்களின்' [இதை முடிக்கத் தெரியவில்லை. 'கனவுகள்' என்று எழுத விரல் போனது. விரலை எடுத்துவிட்டேன்.]

ஆகவே நேராகச் சொல்கிறேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹார்மன், டில்பி என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர். நான் ஹார்மனுக்கு மருமகனாக வந்து அச்சகம் வைத்தவன். ஹார்மன் பள்ளியின் நிறம் சிவப்பு, தக்காளிச் சிவப்பு. டில்பியின் நிறம் நீலம், நம்மூர்ச் சேலைக் கடையில் மயில்கழுத்து என்பார்களே, அது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இரண்டும் கால்பந்து மைதானத்தில் மோதிக்கொள்ளும். தோற்ற ஊர்க்காரர்கள் அடுத்த ஆண்டுவரை ஜெயித்த ஊரின் மளிகைக் கடைக்குப் போக மாட்டார்கள்.

பிள்ளைகள் குறைந்தார்கள். இரண்டு பள்ளியும் ஒன்றாக வேண்டும் என்று ஆனது. கட்டடம் டில்பியில். பெயரில் முதல் பாதி ஹார்மனுக்கு, காசு சுண்டிப் பார்த்து. நிறம்? அங்கேதான் ட்வைட்டுக்கு அந்த யோசனை வந்தது. திறப்பு விழாவில், இரண்டு ஊரும் பார்க்க, ஹார்மன் ஜிம்மின் சிவப்புப் பெயின்டையும் டில்பி ஜிம்மின் நீலப் பெயின்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்குவது. வரும் ஊதாதான் புதிய பள்ளியின் நிறம். அந்த ஊதாவில் ஜிம் சுவரில் முதல் பட்டையை ஓவிய ஆசிரியை லெனோர் தீட்டுவார்.

இந்த ஊர்களில் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை ஒரு நிற மணலும் பெண் ஒரு நிற மணலும் ஒரே குடுவையில் கொட்டுவார்கள். அதைப் பார்த்து வந்த யோசனை. மணல் கலந்தாலும் அடுக்கடுக்காகத் தனித்தனியாகவே தெரியும். பெயின்ட் அப்படி இல்லை.

3

லெனோரைப் பற்றி நான் எழுதுகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"உங்க மொழியில எனக்கு என்ன வயசு?"

"இங்க என்னவோ அதேதான்."

"அப்ப உங்க மொழியும் பிரயோஜனமில்ல."

இந்தப் பாத்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நேர்மையான ஆசிரியை, கண்காணிப்பாளரை எதிர்க்கிறார் என்றால், வாசகர்களாகிய நீங்கள் பாதியிலேயே கொட்டாவி விடுவீர்கள். அதனால் அவரிடம் குறை ஏதாவது உண்டா என்று தேடினேன். தேட வேண்டியிருக்கவில்லை. பேசுகிறவரை முடிக்க விடமாட்டார். வண்டியை இரண்டு இடத்தை அடைத்து நிறுத்துவார். தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் காப்பியோடு வைக்கும் வேர்க்கடலை இனிப்புச் சதுரங்களைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு போவார். இதையெல்லாம் எழுதிப் படித்துக் காட்டினேன்.

"அந்தச் சதுரத்தை எடுத்துடு" என்றார்.

"ஏன்? பொய்யா?"

"உண்மை. ஆனா அதுல சாக்லேட்டும் இருக்கும். வெறும் வேர்க்கடலைன்னு போட்டா எனக்கு ருசி தெரியாதுன்னு நினைப்பாங்க."

போட்டுவிட்டேன். மேலே செல்லலாம்.

விழாவுக்கு முந்தைய வாரம் லெனோர் என் அச்சகத்துக்கு ஒரு காலித் தயிர் டப்பாவோடு வந்தார். மேசை மேல் வைத்தார்.

"இது என்ன நிறம்?"

எட்டிப் பார்த்தேன். "கிரேவி." இந்த ஊர்களில் இறைச்சி மேல் ஊற்றும் பழுப்புக் குழம்பு.

"ஹார்மன் ஜிம் சிவப்பு ஒரு கரண்டி, டில்பி ஜிம் நீலம் ஒரு கரண்டி. ரெண்டையும் கலந்தா இதுதான் வருது."

"சிவப்பு இன்னும் கொஞ்சம் ஊத்திப் பார்க்கலாமே?"

"ஊத்தினேன். செங்கல் கிரேவி. நீலம் கூட ஊத்தினேன். சாக்கடை கிரேவி."

"அப்ப என் பேனர்ல மட்டும் ஊதா எப்படி வந்துச்சு?"

"அதைக் கேட்கத்தான் வந்தேன். உன் மெஷின்ல சிவப்பு மை எங்க இருக்கு, காட்டு."

காட்ட முடியவில்லை. அச்சு இயந்திரத்தில் சிவப்பு மையே கிடையாது. மஞ்சள் இருக்கும், மெஜந்தா இருக்கும் (பட்டுச் சேலையில் ராணி கலர் என்கிறோமே, ஏறக்குறைய அது), சயான் என்கிற வெளிர்ந்த நீலம் இருக்கும், கூடவே கறுப்பு. சிவப்பு வேண்டுமென்றால் மெஜந்தாவோடு மஞ்சளைச் சேர்க்கும். பச்சை வேண்டுமென்றால் சயானோடு மஞ்சள். ஊதா வேண்டுமென்றால் மெஜந்தாவோடு சயான், அவ்வளவுதான். மஞ்சளை வாசல் பக்கமே விடாது.

"புரியுதா?" என்றார் லெனோர். "பேனர்ல நடுவுல இருக்கற ஊதாவுக்கும் அந்தப் பக்கம் இருக்கற சிவப்புக்கும் சம்பந்தமே இல்ல. உன் மெஷின் தனியா வேற ஊதா செஞ்சு நடுவுல ஒட்டிடுச்சு."

"பெயின்ட்ல?"

"ஹார்மன் சிவப்புக்குள்ள மஞ்சள் உட்கார்ந்திருக்கு. அதைத் தனியா வெளிய கூப்பிட முடியாது. நீலத்தோட சேர்த்தா மூணும் ஒண்ணாயிடும். மூணும் ஒண்ணானா கிரேவி."*

* நிறம் கலப்பதைக் கூட்டல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெயின்டிலும் மையிலும் அது கழித்தல். ஒவ்வொரு பெயின்டும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் நமக்குத் தருகிறது. தக்காளிச் சிவப்பு நீலத்தையும் பச்சையையும் தின்னும். மயில்கழுத்து நீலம் சிவப்பைத் தின்னும். இரண்டையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் இலையில் என்ன மிஞ்சும்? ஊதா வேண்டுமென்றால் நீலத்தைத் தின்னாத ஒரு சிவப்பு வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது. அதன் பெயர்தான் மெஜந்தா. இந்த அடிக்குறிப்பு கதைக்குத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். இது இல்லாமல் கதையே இல்லை.

4

மெஜந்தா இருக்கிறது என்றால் சிக்கல் தீர்ந்ததே என்று உங்களுக்குத் தோன்றும். லெனோருக்கும் அப்படித்தான் தோன்றியது. விழாக் குழுவைத் தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் கூட்டினார். ஹார்மன் சார்பில் ராய் டீட்மன், தானியக் கிடங்கு மேலாளர், லெனோரின் பழைய மாணவர். டில்பி சார்பில் ஆர்டிஸ் ப்ரூயிட், பேக்கரி நடத்துகிறவர். ட்வைட் மேசைத் தலைப்பில். நான் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில், பேனர் ஆசாமி என்ற முறையில்.

லெனோர் ஒரு அட்டையில் புதிய சிவப்பைத் தீட்டிக் கொண்டு வந்திருந்தார். ராய் அதைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"டீச்சர், இது பிங்க்."

"மெஜந்தா, ராய்."

"என் தங்கச்சி நகத்துல பூசறது இது. இதைப் போட்டுக்கிட்டு எங்க ஆளுங்க மைதானத்துல இறங்கணுமா?"

"ஒரு நாள் வாளியில ஊத்தறதுக்கு மட்டும்தான்."

"கட்டடத்தைக் கொடுத்தோம். பரிசுக் கோப்பை அலமாரியைக் கொடுத்தோம். இப்ப சிவப்பையும் கொடுக்கணுமா? அவங்க நீலத்தை ஏன் மாத்தக் கூடாது?"

ஆர்டிஸ் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "எங்க நீலத்துல ஒரு குறையும் இல்ல, ராய். டீச்சரே சொல்லிட்டாங்க. உங்க சிவப்புதான் கலப்படம்."

"கலப்படமா!"

"நான் கலப்படம்னு சொல்லல" என்றார் லெனோர். "சுத்தமான டப்பான்னு எதுவுமே கிடையாது. ஆர்டிஸ், உன் நீலத்துக்குள்ள பச்சை இருக்கு."

ஆர்டிஸின் கரண்டி நின்றது. "எங்க நீலத்துல பச்சையா?"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். பாத்திரங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கதைசொல்லி குறுக்கே புகுவது கூடாது என்பார்கள். புகுந்தேன். "உண்மையைச் சொன்னா, மை விஷயத்துல சிவப்பு முதன்மை நிறமே இல்ல. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தா வர்றதுதான் சிவப்பு. நீலமும் அப்படித்தான். ரெண்டுமே ரெண்டாம் வரிசை."

ராயும் ஆர்டிஸும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ எந்தப் பக்கம்யா?" என்றார் ராய்.

"அச்சகப் பக்கம்."

"எங்க தாத்தா போட்ட சட்டை ரெண்டாம் வரிசையா?"

"இந்த ஆளைப் பேனரோட நிறுத்துங்க, ட்வைட்" என்றார் ஆர்டிஸ். இரண்டு ஊரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

ட்வைட் கையைத் தூக்கினார். "நண்பர்களே. இது வெறும் பெயின்ட் இல்ல. இது ஒரு பயணம்."

"எங்க போற பயணம்?" என்றார் லெனோர்.

கூட்டம் முடிந்தது. சிவப்பும் மாறாது, நீலமும் மாறாது, ஊதா வந்தாக வேண்டும் என்று முடிவாயிற்று.

5

[இந்த ஐந்தாம் பகுதியை ட்வைட்டின் மனத்துக்குள்ளிருந்து எழுதிப் பார்த்தேன். 'ட்வைட் ஜன்னல் வழியே காலியான வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்தார். ஒரு தலைவனின் தனிமை...' அதற்கு மேல் போகவில்லை. அந்த மனத்துக்குள் துண்டறிக்கையைத் தவிர வேறொன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.]

ட்வைட்டைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மாநிலத் தலைநகர் டெமாய்னிலிருந்து வந்தவர். எல்லாவற்றையும் நடந்து முடிந்த பிறகு எடுத்த புகைப்படமாகவே பார்க்கிறவர். கொடிகளை வாங்கிப் போக என் கடைக்கு வந்தபோது லெனோரும் இருந்தார். ட்வைட் என்னைப் பற்றிக் கவலைப்படாமல் பேசினார். அச்சடிக்கிறவன் முன்னால் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

"லெனோர், சுலபமா ஒரு வழி இருக்கு. மேசை மேல வெள்ளை விரிப்பு, தரை வரைக்கும். விரிப்புக்குக் கீழ ஒரு டப்பா. கடையில கலந்து வாங்கின நல்ல ஊதா. ராய் ஊத்தறாரு, ஆர்டிஸ் ஊத்தறாங்க, நீங்க கலக்கறீங்க. தூரிகையை எடுக்கற மாதிரி குனியறீங்க, கீழ நனைக்கறீங்க, நிமிர்றீங்க. ஊதா! கைதட்டல்."

"அப்ப வாளியில இருக்கறது?"

"அதை யாரு பார்க்கப் போறா?"

"நான்."

"நீங்க பார்த்தா பரவாயில்ல."

"எனக்குப் பரவாயில்லையான்னு நான்தான சொல்லணும்?"

ட்வைட் கொடிக்கட்டு ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டார். "அடுத்த வாரம் பள்ளி நிர்வாக போர்டுல அறை ஒதுக்கீடு வருது. வடக்கு ஜன்னல் வச்ச அந்தப் பெரிய அறை. தொட்டி, மண்சூளை, எல்லாம் இருக்கே, அதுதான். ஓவிய வகுப்புக்குன்னு நீங்க கேட்டிருக்கீங்க. அதைப் புதுமை மையமா மாத்தலாம்னு ஒரு யோசனையும் ஓடிக்கிட்டிருக்கு. ஓவியத்தைக் கம்ப்யூட்டர்லயே சொல்லிக் கொடுத்துடலாம்னு. தனியா ஆசிரியர்கூடத் தேவைப்படாது."

"யாரு ஓட்டறா அந்த யோசனையை?"

"அது தானா ஓடுது."

 பேசுகிறவரை முடிக்கவிடாத லெனோர், ட்வைட்டை முடிக்கவிட்டார். அவருக்கு அந்த அறைதான் வேலை. இரண்டு ஊரிலும் பிள்ளைகள் களிமண்ணில் கை வைக்கிற வேறு இடம் கிடையாது. ஒரே வாரத்தில் அது போய்விடும், அல்லது நிற்கும். எதில் போய் நிற்கிறது என்றால், அவர் குனிவதில்.

"சரி. டப்பாவை வாங்கி வையுங்க" என்றார்.

ட்வைட் சிரித்தபடி போனார். நான் லெனோரைப் பார்த்தேன்.

"என்னைப் பார்க்காத. வேலையைப் பாரு. அந்தக் கொடியில ஓரம் பிசிறு அடிக்குது."

6

விழா நாள். [வானிலை: வெயில். வானிலை பற்றி இவ்வளவு போதும்.]

ஜிம்மின் ஒரு பக்கப் படிகளில் முழுதும் சிவப்புச் சட்டை, எதிர்ப்பக்கப் படிகளில் முழுதும் நீலச் சட்டை. யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லார் கையிலும் நான் அச்சடித்த கொடி. நடுவில் மேசை, தரைவரை விரிப்பு, மேலே வெள்ளை வாளி. ட்வைட் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கைக் குத்தியிருந்தார். கைகள் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று.

மனித குலத்தின் வரலாறு வந்தது. ஆழ்ந்து நோக்கப்பட்டது.

ராய் சிவப்பை ஊற்றினார். சிவப்புப் பக்கம் எழுந்து நின்று கத்தியது. டப்பா காலியானதும் அடியில் ஒட்டியிருந்ததையும் தட்டித் தட்டி விட்டார். ஆர்டிஸ் அதைப் பார்த்துவிட்டுத் தன் டப்பாவை அதைவிட அதிகமாகத் தட்டினார். லெனோர் ஒரு மரக்கட்டையால் கலக்கினார். வாளி உயரமானது. படிகளில் இருந்தவர்களுக்கு உள்ளே இருப்பது தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ராய்க்குத் தெரிந்தது. அவருடைய வாய் திறந்து அப்படியே நின்றது.

"இதோ!" என்றார் ட்வைட். "நாம்!"

லெனோர் தூரிகையை எடுத்தார். குனியவில்லை. வாளிக்குள்ளேயே விட்டார்.

"கீழ" என்றார் ட்வைட், உதடு அசையாமல். "லெனோர், கீழ."

அவர் குத்தியிருந்த மைக் அதைக் கூரையில் இருந்த எல்லா ஒலிபெருக்கிகளுக்கும் அனுப்பியது. கீழ. லெனோர், கீழ.

லெனோர் தூரிகையைத் தூக்கினார். பழுப்பு வடிந்தது.

"கீழ இருக்கற டப்பா! ஊதா! விரிப்புக்குக் கீழ!" கூரை சொல்லியது.

இரண்டு ஊரும் விரிப்பைப் பார்த்தன. லெனோர் அசையாததைப் பார்த்து ட்வைட்டே மண்டியிட்டு, விரிப்பைத் தூக்கி, உள்ளே நுழைந்தார். டப்பா இருந்தது. மூடி திறக்கப்படவில்லை. திறப்பான் லெனோரின் மேலங்கிப் பையில் இருந்தது. அதன் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். ட்வைட்டின் பாதி உடம்பு மேசைக்கு அடியிலும் மறுபாதி இரண்டு ஊர்களுக்கு முன்பாகவும் இருந்தது. கார் சாவியால் மூடியை நெம்புகிற ஓசையும், மூச்சு வாங்குவதும், சபையில் சொல்லக் கூடாத ஒரு சொல்லும் கூரையிலிருந்து தெளிவாகக் கேட்டன.

லெனோர் சுவருக்குப் போய் ஒரே இழுப்பில் நீளமாக ஒரு பட்டை தீட்டினார். திரும்பினார். மைக் இல்லாமலேயே கேட்டது.

"இதுதான் வந்தது. நீங்க ஊத்தினது இதுதான்."

நீலப் பக்கத்தில் யாரோ, "கிரேவி!" என்றார்கள். சிவப்புப் பக்கம் சிரித்தது. பிறகு நீலப் பக்கமும் சிரித்தது. வாத்தியக் குழுவுக்கு யாரும் நிறுத்தச் சொல்லாததால் அவர்கள் வெற்றிப் பாட்டை வாசித்தார்கள்.

7

இந்த இடத்தில் கதையைப் பற்றிச் சில கோரிக்கைகள் வந்திருக்கின்றன.

ட்வைட் தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்க மொழியில எழுதறதா கேள்விப்பட்டேன். தாராளமா எழுதுங்க, அங்க யாருக்கும் என்னைத் தெரியாது. ஆனா ஒரு விஷயம். அது ஒரு பாடம்னு போடுங்க. நான் தெரிஞ்சே அதை ஒரு பாடமா அமைச்சேன்னு."

"மேசைக்கு அடியில போனதும் பாடத்துலயா வருது?"

"அது செய்முறை."

இன்னொரு முடிவு என் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. என் மனைவி ஹார்மன்காரி, சமாதானப் பிரியை. "லெனோர் குனிஞ்சு தூரிகையை நனைக்கட்டும். ஊதா வரட்டும். எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கட்டும். கதைதான, யாருக்கு என்ன நஷ்டம்?"

எழுதிப் பார்த்தேன். 'ஊதாப் பட்டை சுவரில் மின்னியது. சிவப்புச் சட்டைகளும் நீலச் சட்டைகளும் படிகளிலிருந்து இறங்கி' [இல்லை. மாட்டேன்.]

ஏன் மாட்டேன் என்றால், அந்த ஊதாவில் ஹார்மன் கிடையாது, டில்பியும் கிடையாது. கடையில் வாங்கிய ஒரு டப்பா மட்டுமே இருக்கிறது. கதைகளில் நமக்குக் கிடைக்கிற முக்கால்வாசி நல்ல முடிவுகள் விரிப்புக்குக் கீழே முன்கூட்டியே வாங்கி வைத்த டப்பாக்கள்தாம். எழுதுகிறவன் குனிகிறான், நனைக்கிறான், நிமிர்கிறான். நீங்களும் கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். இந்தக் கதையில் மட்டும் வேண்டாம்.

(இந்தப் பத்தியை லெனோருக்குப் படித்துக் காட்டினேன். "நான் பெயின்ட் அடிச்சேன். நீ ஏன் பிரசங்கம் பண்ற?" என்றார். பத்தி அப்படியே இருக்கட்டும். அவருடைய கருத்தும் இருக்கட்டும்.)

8

அறையின் கதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதும் அதுதான்.

போர்டு கூட்டம் அடுத்த செவ்வாய். ட்வைட் தயாராக வந்திருந்தார். குழு உணர்வு இல்லாமை, நிறுவன இலக்குகளோடு ஒத்திசையாமை என்று திரையில் எழுத்து ஓடியது. வடக்கு ஜன்னல் அறை புதுமை மையமாகும் என்றும், ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் தேவையில்லை என்றும் கடைசிச் சட்டகம் சொன்னது. லெனோர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையில் இருந்து எதையோ தின்றுகொண்டிருந்தார். திரையை ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பொதுமக்கள் பேசலாம் என்றார்கள். ராய் எழுந்தார்.

"எனக்கு டீச்சர் மேல கோபம்தான். என் கையால நான் ஊத்தின சிவப்பைக் குழம்பாக்கிட்டாங்க. அது வேற. நான் கேட்கறது ட்வைட்கிட்ட. விரிப்புக்குக் கீழ ஊதா இருந்துச்சுன்னா, நான் ஊத்தினது எதுக்கு?"

"அது ஒரு குறியீடு, ராய்."

"எங்க ஜிம் சிவப்பு. கடைசி டப்பா. அதை வெறும் நாடகத்துக்கா கொட்டச் சொன்னீங்க?"

ஆர்டிஸ் கையைத் தூக்கக்கூட இல்லை. "எங்க நீலத்தையும் தூக்கிப் போடறதாத்தான திட்டம்? அந்தாளு சிவப்பை நம்பாதது எனக்குப் புரியுது. எங்க நீலத்தையும் நம்பலையா நீங்க?"

"என்ன சொன்ன, ஆர்டிஸ்?"

"அப்புறம் சொல்றேன், ராய். முதல்ல இந்த மனுஷனை முடிப்போம்."

முடித்தார்கள். நடுவில் ட்வைட் 'பயணம்' என்ற சொல்லை எடுத்தபோது இரண்டு ஊரும் ஒரே குரலில் உறுமின. அந்த உறுமலை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை. [முயன்ற மூன்று வரிகளை நீக்கிவிட்டேன்.] இரண்டு ஊரில் யாருடைய பெயின்டையும் மறைக்காத ஒரே ஆள் இந்தப் பெண்பிள்ளைதான் என்றார் ஆர்டிஸ். அறை ஓவிய வகுப்புக்கு என்று தீர்மானம் நிறைவேறியது. லெனோர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் நன்றி சொல்லாமல், இரண்டு இடத்தை அடைத்து நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நிறத்துக்கு இரண்டு ஊரிலும் வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் ஊதாவும் இருந்தது, தங்க நிறமும் இருந்தது. பழுப்பு ஜெயித்தது. ஊதா வர வேண்டுமென்றால் சிவப்பு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதால் ஹார்மன் பழுப்புக்குப் போட்டது. ஹார்மன் விட்டுக்கொடுக்காதபோது நாங்கள் மட்டும் ஏன் என்று டில்பியும் பழுப்புக்குப் போட்டது. பக்கத்து மாவட்டங்கள் எங்களைக் கிரேவி என்று அழைக்கின்றன. அழைக்கட்டும். எங்கள் பிள்ளைகள் அதையே ஒரு கோஷமாக்கிக் கத்துகிறார்கள். ஊற்றியது நாங்கள். வந்தது எங்களுடையது. இதைவிட அழகான நிறம் வைத்திருக்கும் பள்ளிகள் அதை எங்கிருந்து வாங்கின என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

இது ஒற்றுமையா, இரண்டு பிடிவாதங்கள் ஒரே வாளியில் கிடப்பதா? நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த சொற்களைக் கலந்துவிட்டேன். தூரிகையை நீங்களே விட்டு எடுத்துப் பாருங்கள். வருகிற நிறம் பிடிக்கவில்லை என்றால் என்னிடம் வராதீர்கள். விரிப்புக்குக் கீழே எதுவும் இல்லை.

அன்று யார் எவ்வளவு ஊற்றினார்கள் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை கலக்கும்போதும் வேறு பழுப்பு வருவதால், ஜிம் சுவரில் இப்போது மூன்று விதமான பழுப்பு இருக்கிறது.